தோல் கழலை நோய்: மாட்டை விற்காதீர்கள், மீட்டெடுங்கள்

(தாராபுரம் பகுதிக் கால்நடை வளர்ப்போரிடையே நிகழ்த்திய உரை)



தாராபுரத்துக்கு வந்து மாடு வளர்ப்பைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறம் பிரித்து, சுழி பார்த்து, பல்லைப் பிடித்து வயது சொல்லுகிறவர்கள் நீங்கள். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, கொறங்காட்டிலேயே காங்கயம் மாட்டைக் காத்து வந்த பகுதி இது. ஆகையால் மாடு வளர்க்கும் முறையைச் சொல்ல நான் வரவில்லை. உங்கள் பாட்டனார் காலத்தில் இந்தப் பக்கம் இல்லாத ஒரு நோயைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். அதுதான் தோல் கழலை நோய். பெரியம்மை என்றும் லம்பி என்றும் இதைச் சொல்லுகிறார்கள்.

முதலில் இரண்டு தோட்டங்களில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

ஒரு தோட்டத்தில் ஜெர்சிக் கலப்பினப் பசு ஒன்று காலையில் பாதிப் பால்தான் கறந்தது. கண்ணில் நீர் வடிந்தது. மூன்றாம் நாள் கழுத்திலும் முதுகிலும் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டிகள் கிளம்பின. பார்த்தவர்கள், "இது பெரியம்மை, தேறாது, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்றார்கள். அன்று இரவே வண்டி வந்தது. வந்த விலையும் அடிமாட்டு விலைதான். போனது போகட்டும், மற்ற மாடுகளாவது தப்பட்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் பதினைந்து நாள் ஆவதற்குள் கட்டுத்தறியில் நின்ற மற்ற இரண்டு மாடுகளுக்கும் கட்டிகள் வந்துவிட்டன. நோய் முதல் மாட்டோடு வண்டியேறிப் போகவில்லை. ஈயோடு தங்கிவிட்டது.

இன்னொரு தோட்டத்திலும் இதே போல ஒரு பசுவுக்கு வந்தது. தரகர் அங்கேயும் வந்தார். ஆனால் அந்த அம்மா, "டாக்டர் வந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். காய்ச்சல் கண்ட அன்றைக்கே பசுவைப் பிடித்துத் தோட்டத்தின் மறுகோடியில் கட்டியிருந்தார். ஒன்றரை மாதம் பாடுபட்டார். அந்த ஈற்றில் பால் குறைந்தது உண்மைதான். ஆனால் பசு எழுந்தது, மறுபடியும் சினை பிடித்தது. அவர் கட்டுத்தறியில் இருந்த மற்ற மாடுகளில் ஒரு கன்றுக்கு மட்டுமே நோய் வந்தது.

இந்த இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைச் சொல்லுவதுதான் என் பேச்சின் நோக்கம். இந்த நோய் கண்ட மாடுகளில் மிகப் பெரும்பாலானவை, நன்றாகக் கவனித்தால் பிழைத்துக் கொள்ளும். பிழைக்கக்கூடிய மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதும், அதோடு நோயைப் பக்கத்து ஊருக்கு அனுப்பி வைப்பதுமே நாம் செய்யும் பெரிய தவறு.

நோய் வந்த வழி

இந்நோய் முதன்முதலில் 1929ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில், இன்று சாம்பியா என்று வழங்கும் நாட்டில் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் அது ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்தது. 1989இல் இஸ்ரேலிலும், 2013இல் துருக்கியிலும், 2015இல் கிரீஸ் நாட்டிலும் தலைகாட்டியது. இந்தியாவில் முதன்முதலாக 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒடிசா மாநிலத்தில் காணப்பட்டது. மறு ஆண்டு, 2020இல், தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டில் குஜராத், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் பேயாட்டம் ஆடியது. அந்த ஓராண்டில் மட்டும் நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன.

ஈக்கும் கொசுவுக்கும் இவ்வளவு தூரம் பறக்கும் சக்தி கிடையாது. ஈ கொண்டுபோவது பக்கத்துத் தோட்டத்துக்கு. அடுத்த மாவட்டத்துக்கும் அடுத்த மாநிலத்துக்கும் கொண்டுபோவது மாடு ஏற்றிய லாரி. இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் இந்த இடத்துக்கு வருவேன்.

நோய்க்குக் காரணம்

இது அம்மை இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. செம்மறியாட்டு அம்மைக் கிருமியும் வெள்ளாட்டு அம்மைக் கிருமியும் இதற்கு உடன்பிறப்புகள். ஆனால் இந்தக் கிருமி மாட்டையும், ஓரளவுக்கு எருமையையும்தான் பிடிக்கும். மனிதருக்கு வராது.

கட்டிகளிலும் அவற்றின் மேல் உண்டாகும் பொருக்கிலும் கிருமி ஏராளமாக இருக்கும். எச்சில், கண்ணீர், மூக்குச்சளி, பால், காளையின் விந்து ஆகியவற்றிலும் இருக்கும். ஆனாலும் பரப்புவதில் முதல் இடம் கடிக்கும் பூச்சிகளுக்குத்தான். மாட்டின் காலைக் கடித்து இரத்தம் உறிஞ்சும் மாட்டு ஈ, கொசு, உண்ணி ஆகிய மூன்றும் இதைச் செய்கின்றன. மாட்டு ஈயின் குணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடித்தால் மாட்டுக்கு வலிக்கும். மாடு காலை உதறும், வாலை வீசும். ஈ பாதி இரத்தத்தோடு எழுந்து பக்கத்து மாட்டின் மேல் உட்கார்ந்து மீதிப் பாதியைக் குடிக்கும். ஒரே ஊசியை இரண்டு மாட்டுக்குப் போடுவதும் இதுவும் ஒன்றே. நோய் மாட்டையும் நல்ல மாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டக்கூடாது என்பது இதனால்தான்.

ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே தீவனத் தாழி, கழுவாத கை, நோய் மாட்டுக்குப் போட்ட ஊசி ஆகியவையும் பரப்பும்.

அடையாளம் காண்பது எப்படி?

கிருமி உடலுக்குள் புகுந்து சுமார் 4 முதல் 14 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். சில மாடுகளில் இன்னும் தாமதமாகலாம். கட்டி வந்த பிறகு எல்லாருக்கும் தெரியும். கட்டி வருவதற்கு முன்னால் தெரிந்து கொள்ளுகிறவர்தான் கெட்டிக்காரர். ஆகவே வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதல் அறிகுறி காய்ச்சல். நல்ல மாட்டின் உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். இந்நோயில் 104 முதல் 106 டிகிரி வரை ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். அசை போடுவது குறையும், தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். கறவையில் இருந்தால் பால் திடீரென்று இறங்கும்.

இரண்டாவது அறிகுறி நெறி கட்டுதல். தோள்பட்டைக்கு முன்னாலும், பின்தொடைக்கு முன்னால் மடிப்பு விழும் இடத்திலும் கைவைத்துத் தடவிப் பாருங்கள். முட்டை போல வீங்கியிருக்கும். கட்டி கிளம்புவதற்கு முன்பே இதைக் கையால் உணரலாம்.

மூன்றாவதாகக் கட்டிகள் வரும். காய்ச்சல் கண்ட ஓரிரு நாளில் தலை, கழுத்து, முதுகு, கால், மடி, வால் அடி ஆகிய இடங்களில் 2 முதல் 5 சென்டிமீட்டர் அகலத்தில், உருண்டையாக, கெட்டியாகக் கட்டிகள் எழும்பும். அவற்றின் மேல் மயிர் சிலிர்த்து நிற்கும். சில மாட்டுக்கு நாலைந்து இருக்கும். சில மாட்டுக்கு உடல் முழுதும் கொட்டிவிடும். பிறகு கட்டியின் நடுப்பகுதி செத்து, வட்டமாகப் பொருக்குத் தட்டி, அடைப்பானைப் பிடுங்கியது போலக் கழன்று விழும். விழுந்த இடத்தில் ஆழமான புண் இருக்கும்.

கால்களும் நெஞ்சுப் பகுதியும் வீங்கி, மாடு நொண்டுவதும் படுத்துவிடுவதும் உண்டு. சில மாட்டுக்கு வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் புண் வரும். மடி நோய் சேர்ந்துகொள்ளும். சினை மாடு கன்று வீசலாம். காளைகள் சில காலத்துக்கு இனவிருத்திக்கு ஆகாமல் போகலாம்.

வேறு நோய்களோடு இதைக் குழப்பிக் கொள்ளக்கூடாது. கோமாரியில் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வரும், உடலில் கட்டி வராது. பூச்சிக்கடியாலும் ஒவ்வாமையாலும் வரும் தடிப்பு திடீரென்று எழும்பி, ஓரிரு நாளில் அடங்கிவிடும், நெறி கட்டாது. படர்தாமரையில் மயிர் உதிர்ந்து வட்டமாகச் செதில் தட்டும், காய்ச்சல் இருக்காது. சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் பொருக்கையோ இரத்தத்தையோ எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்.

பொதுவாக 100 மாடுகள் உள்ள இடத்தில் 10 முதல் 20 மாடுகளுக்கு இந்நோய் வரும். நோய் வந்தால் 1 முதல் 5 சதவீதம் வரை சாவு நேரிடலாம் என்பது கணக்கு. 2022இல் சில மாநிலங்களில் நடந்தது போல, தடுப்பூசி போடாத இடத்தில் நோய் புகுந்தால் இழப்பு அதிகமாகும். கன்றுகளுக்கும், தோல் மெலிந்த அயல் இனக் கலப்பின மாடுகளுக்கும் வேகம் கூடுதல். "எங்களது நாட்டு மாடு, ஒன்றும் ஆகாது" என்று காங்கயம் மாடு வைத்திருப்பவர்கள் அசட்டையாக இருக்க வேண்டாம். நாட்டு மாட்டுக்கும் வரத்தான் செய்கிறது.

காய்ச்சல் கண்ட அன்றே செய்ய வேண்டியவை

கட்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து, தோட்டத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, நிழலும் காற்றும் உள்ள மேட்டு நிலத்தில் கட்டுங்கள். முடிந்தால் கொசுவலை கட்டுங்கள். மாலையில் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டம் போடுங்கள். அந்த மாட்டுக்குத் தனி வாளி, தனித் தாழி, தனிக் கயிறு வேண்டும். முதலில் நல்ல மாடுகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாக நோய் மாட்டிடம் போங்கள். அங்கிருந்து வந்ததும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறப்பதும் அதே வரிசையில்தான்.

அடுத்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாட்டை நடத்திக்கொண்டு அங்கே போக வேண்டாம். வழியெல்லாம் நோயைத் தூவிக்கொண்டு போவதாகும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். தொற்றுநோய் கண்டால் தெரிவிக்க வேண்டியது 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி மாட்டுக்காரரின் கடமையும் ஆகும். நீங்கள் சொன்னால்தான் சுற்றியுள்ள ஊர்களுக்கு உடனே தடுப்பூசி போட முடியும்.

சிகிச்சை

இந்த வைரஸை நேராகக் கொல்லுவதற்கென்று மருந்து கிடையாது. அதனால் சிகிச்சையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் மாட்டைச் சாய்ப்பது புண்ணில் சீழ் பிடிப்பது, நுரையீரலில் சளி கட்டுவது, தீனியும் தண்ணீரும் இறங்காமல் நலிந்துபோவது, புண்ணில் புழு வைப்பது ஆகியவையே. இவை நான்கையும் தடுக்க முடியும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் வீக்கத்துக்கும் மருத்துவர் ஊசி போடுவார். சீழ் பிடிக்காமல் இருக்க 5 முதல் 7 நாட்கள் வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பார். அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கடையில் வாங்கி நீங்களாகவும் போடாதீர்கள். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

புண்ணை நாள்தோறும் இளஞ்சிவப்பாகக் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் கழுவித் துடைத்து, ஈ மொய்க்காத களிம்பு தடவுங்கள். மூலிகை எண்ணெயும் நல்ல பலன் தருகிறது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகிய இலைகளில் ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 500 மி.லி. தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து காய்ச்சி ஆறவைத்துக் கொள்ளுங்கள். புண்ணைச் சுத்தம் செய்த பிறகு இதைத் தடவலாம். புழு வைத்திருந்தால், சீத்தாப்பழ இலையை அரைத்துப் பூசலாம், அல்லது தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து விடலாம்.

உள்ளுக்குக் கொடுக்க, வெற்றிலை 10, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம் ஆகியவற்றை அரைத்து, வேண்டிய அளவு வெல்லம் சேர்த்து ஒரு வேளை மருந்தாக வைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் 3 மணி நேரத்துக்கு ஒரு முறையும், இரண்டாம் நாள் முதல் இரண்டு வாரத்துக்கு நாளைக்கு 3 வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவிக் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரைக்க வேண்டும். மருத்துவரின் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதுதான் இது. அதற்கு மாற்று அல்ல.

தீவனம்தான் பாதி மருந்து. வாய்ப்புண் உள்ள மாட்டால் காய்ந்த சோளத்தட்டை மெல்ல முடியாது. இளம்புல், அகத்தி, வேலிமசால் இவற்றை நறுக்கி, சிறிது சிறிதாக, பலமுறை கொடுங்கள். பசுமை வேண்டும் என்பதற்காகப் பூக்காத இளஞ்சோளப் பயிரை அறுத்துப் போட்டுவிடாதீர்கள். அதன் நஞ்சு நல்ல மாட்டையே சாய்த்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பு அல்லது ராகிக் கஞ்சி கொஞ்சமாக ஊற்றலாம். சோற்றையும் கஞ்சியையும் மிகுதியாக வைத்தால் வயிறு புளித்து வேறு தொல்லை வரும். வெல்லமும் உப்பும் கலந்த தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு வைக்கோல் மெத்தை போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

செய்யக்கூடாதவை சில உண்டு. கட்டியைப் பிதுக்காதீர்கள், கீறாதீர்கள், சூடு போடாதீர்கள். மண்ணெண்ணெயும் வண்டி எண்ணெயும் ஊற்றாதீர்கள். முக்கியமாக, ஈயும் உண்ணியும் சாக வேண்டும் என்று பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டின் மேல் அடிக்காதீர்கள். மாட்டுக்கென்று உள்ள மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

சிலர் இதை அம்மன் வந்திருக்கிறாள் என்று சொல்லி, வேப்பிலை கட்டி, மருந்து எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். மாரியம்மனை வேண்டிக் கொள்ளுங்கள், வேப்பிலையும் கட்டுங்கள். வேப்பிலை நான் சொன்ன மருந்திலேயே இருக்கிறது. ஆனால் வாய் பேசாத அந்த உயிர் வலியில் துடிக்கும்போது ஊசி மருந்தை மறுப்பது பக்தி ஆகாது.

மாடு தேறிய பிறகு அவசரப்பட்டு மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். எல்லாப் பொருக்கும் உதிர்ந்து, புண் முழுதும் ஆறும் வரை தனியே இருக்கட்டும். உதிர்ந்த பொருக்கில் கிருமி ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். வெயில் படாத இருட்டுக் கொட்டிலில் பல மாதங்கள் கூட இருக்கும். பொருக்கைக் கூட்டி எடுத்து எரித்துவிடுங்கள். தரையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, 2 முதல் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் தெளித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நன்றாக வெயில் படும்படி விடுங்கள். மாடு இறந்துவிட்டால் தோலை உரிக்காமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

வராமல் தடுப்பது

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இங்கே அணை என்பது தடுப்பூசி. நம் நாட்டில் இதற்கு வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போட்டு வருகிறார்கள். "ஆட்டு ஊசியை மாட்டுக்குப் போடுகிறார்களே" என்று சிலர் தயங்குகிறார்கள். இரண்டு கிருமியும் உடன்பிறப்புகள் என்று சொன்னேன் அல்லவா? தம்பியின் முகத்தைப் பார்த்துப் பழகிய காவலாளி அண்ணனையும் அடையாளம் கண்டு தடுப்பதைப் போன்றது இது. இந்த நோய்க்கென்றே ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும், இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உருவாக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டில் அறிமுகம் செய்யப்பட்டது.

4 மாதத்துக்கு மேற்பட்ட எல்லா மாடுகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக் கொள்ளுங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடலில் எதிர்ப்பு சக்தி உண்டாகச் சுமார் 3 வாரம் ஆகும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். மழை விழுந்தால் ஈயும் கொசுவும் பெருகும். ஆகவே ஆடி, ஆவணியிலேயே மருந்தகத்தில் விசாரித்து ஊசியை முடித்துவிடுவது நல்லது. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும், ஓரிரு நாள் இலேசான காய்ச்சலும், பால் சற்றுக் குறைவதும் இருக்கலாம். அது தானாகச் சரியாகும். நோய் ஏற்கெனவே கண்ட மாட்டுக்கு ஊசி போடக்கூடாது.

அடுத்தது ஈ. மாட்டு ஈ முட்டையிடுவது சாணமும் மூத்திரமும் கலந்து மட்கிய ஈரத் தட்டிலும் வைக்கோலிலும்தான். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை ஈயாகிவிடும். ஆகையால் வாரம் ஒரு முறை தாழியின் அடியிலும் மூலையிலும் கிடக்கும் ஈரக் கூளத்தை வழித்து எடுத்து, குப்பைக்குழியில் போட்டு மண்ணால் மூடினால், அடுத்த தலைமுறை ஈ பிறக்காது. தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள். உண்ணியைக் கையால் பிடுங்கிச் சுடுநீரில் போடுங்கள்.

சந்தையில் வாங்கி வந்த மாட்டை 28 நாள் தனியே கட்டிப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள். வாங்கும்போது சுழி பார்ப்பதோடு, தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். நோய் நடமாடும் சமயத்தில் சந்தைக்கும் மாட்டுத் தாவணிக்கும் போகவே வேண்டாம். அந்தச் சமயத்தில் ஊர்க் காளைக்கு விடுவதையும் நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

பாலைக் குடிக்கலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இந்நோய் மனிதருக்கு வராது. நன்றாகக் காய்ச்சிய பாலைக் குடிக்கலாம். ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள் வரை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சங்கத்துக்கும் ஊற்றாதீர்கள்.

கன்றை ஊட்ட விடலாமா? தாய்க்கு நோய் இருக்கும்போது கன்றைப் பிரித்து வைத்து, பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் புகட்டுங்கள்.

பக்கத்தில் செம்மறிப் பட்டி இருக்கிறது, ஆட்டுக்குத் தொற்றுமா? இந்நோய் ஆட்டுக்கு வருவதில்லை. ஆட்டுக்கு வரும் அம்மை வேறு, அதற்கும் தடுப்பூசி உண்டு. அதையும் காலத்தில் போட்டுக் கொள்ளுங்கள்.

தடுப்பூசி போட்ட பிறகும் வந்துவிட்டதே என்கிறார்கள். ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் நோய் ஈ கடித்திருந்தால் வரலாம். எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு காப்பதும் இல்லை. ஆனால் ஊசி போட்ட மாட்டுக்கு வந்தாலும் பெரும்பாலும் வேகம் குறைவாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கே வருகிறேன். இரண்டே மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, கண்ணெதிரே ஒரு மாடு புண்ணாகி நிற்கும்போது, விற்கலாமா என்ற எண்ணம் வருவது இயற்கை. விற்காதே என்று மேடையில் நின்று சொல்லுவது எளிது. நஷ்டம் சொல்லுகிறவனுக்கு இல்லை. ஆகவே கணக்காகவே பாருங்கள். நோய் மாட்டுக்கு நல்ல விலை யாரும் தரப்போவதில்லை. துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும்போதே பாதிக்குப் பாதி அடித்துவிடுவார்கள். வைத்துக் காப்பாற்றினாலோ, நூற்றில் தொண்ணூறுக்கு மேல் உங்கள் மாடு உங்களுக்கே கிடைக்கும். ஒரு ஈற்றின் பாலில் கொஞ்சம் போகும். மாடு நிற்கும், மறு கன்று வரும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் இரவோடு இரவாக ஏற்றிவிடும் மாடு இறங்கும் இடத்திலும் உங்களைப் போல ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் இப்படியே ஏற்றி அனுப்பிய மாடு உங்கள் ஊர்ச் சந்தையிலும் இறங்கும். இந்த நோயை ஒருவர் தனியாகத் தன் தோட்டத்து வேலிக்குள் தடுத்துவிட முடியாது. ஊரோடு சேர்ந்துதான் தடுக்க வேண்டும்.

ஆகவே மூன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்கள். மழைக்கு முன்னால் தடுப்பூசி. காய்ச்சல் கண்ட அன்றே தனிக்கட்டு. நோய் கண்ட மாட்டுக்கு மருத்துவர்தான், தரகர் அல்ல.

இன்று வீட்டுக்குப் போனதும், மாலையில் கறவைக்கு உட்காருவதற்கு முன்னால், உங்கள் மாட்டின் தோளுக்கு முன்னால் ஒரு தடவை கைவைத்துத் தடவிப் பாருங்கள். நெறி கட்டாத நல்ல மாட்டில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்கள் கை பழகிக் கொள்ளட்டும். பிறகு மாற்றம் வந்தால் உங்கள் கையே சொல்லிவிடும்.